நாலாவது டவுனும் நான்காக மடித்த காகிதமும்

மிச்சிகனில் அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் குளிர் காதோரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2022இல் அப்படி ஓர் இரவு. மகன் படித்த உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் மைதானத்தில், பிரஸ் பாக்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருந்த ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். காதில் ஹெட்செட், மடியில் நான்காக மடித்த ஒரு காகிதம். ஆட்டம் முடிய 1 நிமிடம் 50 விநாடி. நாங்கள் 4 பாயின்ட் முன்னிலை. பந்து எங்கள் கையில், எதிரணியின் 38 யார்டு கோட்டில். நாலாவது டவுன், வேண்டியது 2 யார்டு. எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த மிச்சம் ஒரே ஒரு டைம் அவுட்.

கீழே நின்ற கோச் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார். "பேப்பர் என்ன சொல்லுது?"

"கோ."

இரண்டு விநாடி யோசித்தார். பிறகு "பன்ட்" என்று கத்தினார்.

எங்கள் அணிப் பையன் ஒருவன் உதைத்த பந்து அழகாகப் பறந்து, எண்ட் சோனுக்குள் போய் விழுந்தது. விதிப்படி பந்து அவர்களுடைய 20 யார்டு கோட்டுக்கு வரும். ஆக, பந்தை விட்டுக்கொடுத்து நாங்கள் வாங்கியது 18 யார்டு. அவர்கள் மிச்சமிருந்த 80 யார்டையும் ஒன்பது முயற்சியில் கடந்தார்கள். கடிகாரத்தில் 11 விநாடி இருக்கும்போது டச் டவுன். தோற்றோம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. அதற்குப் பெயர்தான் டவுன். பத்தைத் தாண்டினால் மறுபடி நான்கு. எதிரணிப் பக்கக் கடைசியில் இருக்கும் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 பாயின்ட். 'எதிரணியின் 38 யார்டு' என்றால் அதற்கு இன்னும் 38 யார்டு இருக்கிறது. 'சொந்த 16 யார்டு' என்றால் நம் பக்கக் கடைசியிலிருந்து 16 யார்டுதான் வந்திருக்கிறோம். மூன்று முயன்றும் தாண்டவில்லை என்றால் நாலாவதில் மூன்று வழி. பந்தைத் தூர உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளலாம், அது பன்ட். கம்பங்கள் பக்கத்தில் இருந்தால் நடுவே உதைத்து 3 பாயின்ட் எடுக்கலாம், அது ஃபீல்டு கோல். இரண்டும் வேண்டாம் என்று அந்த மிச்ச யார்டுகளுக்கே முயலலாம், அதைத்தான் 'கோ' என்பார்கள். தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். முடிவெடுக்க அரை நிமிடம்கூட இருக்காது. மைதானமே கோச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் இதற்குள் வந்து சேர்ந்த கதை வேடிக்கையானது. கார் உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனை வேலை எனக்கு. எது எத்தனை தடவைக்கு ஒருமுறை உடையும் என்று கணக்குப் பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டது. ஃபுட்பால் மேல் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. 2021 செப்டம்பர் 26 அன்று அலுவலக நண்பர் ஒருவர் வர முடியாமல் போன இரண்டு டிக்கெட்டைத் தந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டுக்குப் போனேன். லயன்ஸுக்கும் பால்டிமோர் ரேவன்ஸுக்கும் ஆட்டம். லயன்ஸ் 17-16 என்று முன்னிலை. ரேவன்ஸுக்கு நாலாவது டவுன், வேண்டியது 19 யார்டு. பந்து அவர்களுடைய சொந்த 16 யார்டில் கிடந்தது. முடிந்தது கதை என்று முன்வரிசையில் சிலர் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். லமார் ஜாக்சன் வீசிய பந்து 36 யார்டு போய்ப் பிடிபட்டது. அடுத்து உதைக்க ஜஸ்டின் டக்கர் வந்தார். 66 யார்டு. அதுவரை அந்த லீகில் யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டதில்லை. பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, ஒரு நொடி யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் விழுந்தது. 19-17.

சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் தலையில் கை வைத்திருந்தார்கள். என் மகன் மட்டும் வாயைப் பிளந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை சாக்கர் ஆடிக்கொண்டிருந்தவன். மறுவாரம் பள்ளி ஃபுட்பால் அணியில் கிக்கராகச் சேர்கிறேன் என்று வந்து நின்றான். இடிபட்டு எலும்பை உடைத்துக்கொள்வானோ என்று அவன் அம்மாவுக்குப் பயம். கிக்கரை யாரும் தொடக்கூடாது, தொட்டால் பெனால்டி என்று இணையத்தில் படித்துக் காட்டிச் சமாதானம் செய்தேன். பாதிதான் உண்மை. இருந்தாலும் வேலைக்கு ஆனது.

பயிற்சி முடியும்வரை காரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? எங்கள் அணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்துவைக்க ஆரம்பித்தேன். எந்த டவுன், எத்தனை யார்டு தேவை, கிடைத்ததா இல்லையா, பன்ட் உதைத்தால் நிகரமாக எத்தனை யார்டு. சில வாரத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒரு பன்ட் நிகரமாக நாற்பது யார்டு அளவுக்கு எதிரணியைத் தள்ளும். எங்கள் பள்ளிப் பையன்களுக்கு இருபத்தைந்தைத் தாண்டினாலே நல்ல நாள். டிவியில் பார்க்கும் கோச்சுகளின் வழக்கத்தைப் பள்ளி கோச்சுகளும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களிடம் இருக்கும் கால் வேறு.

காகிதத்தைக் கோச்சிடம் காட்டினேன். கனத்த மீசை, கனத்த குரல், தங்கமான மனிதர். "கணக்குப் பாடம் எனக்கு ஆகாது, ஆனால் மேலே வந்து உட்கார், கேட்கும்போது சொல்" என்றார். அன்றிலிருந்து அணிக்குள் என் பெயர் 'பேப்பர் மேன்'.

என் காகிதம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1998 முதல் 2000 வரையிலான மூன்று என்எஃப்எல் சீசன்களில், முதல் குவார்ட்டர்களை, அதாவது ஆட்டங்களின் முதல் கால்பகுதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார். பின்னால் போனால் ஸ்கோரும் கடிகாரமும் முடிவைக் குழப்பிவிடும் என்பதற்காக அப்படி. நாலாவது டவுனில் முயன்றவர்களே குறைவு என்பதால் மூன்றாவது டவுன் முயற்சிகளை வைத்து அளந்தார். அணிகள் முயல வேண்டிய இடங்களில் பெரும்பாலும் உதைத்துவிடுகின்றன என்பது அவருடைய முடிவு. காசுக்கும் வேலைக்கும் ஜெயிப்பதே எல்லாம் என்றிருக்கும் ஒரு தொழிலில், ஜெயிப்பதற்கான வழியை எல்லோருமாகச் சேர்ந்து ஏன் தவிர்க்கிறார்கள்? இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

அதற்கு விடை எங்கள் மைதானத்தில்தான் கிடைத்தது. அந்த 2022 தோல்விக்குப் பிறகு பார்க்கிங் லாட்டில் பெற்றோர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். கடைசி டச் டவுனுக்கு இடம்கொடுத்த கார்னர்பேக் பையனை, அதாவது பந்து பிடிக்க ஓடும் எதிரணிக்காரரைக் காவல் காத்தவனைத் திட்டினார்கள். பந்தை எண்ட் சோனுக்குள் உதைத்த பன்டரைத் திட்டினார்கள். கோச்சை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அவர் என்ன செய்வார், பன்ட் பண்ணிக் கொடுத்தார், பசங்க விட்டுட்டாங்க" என்றுதான் பேச்சு. பதினாறு வயதுப் பையன் தலையைக் குனிந்தபடி அப்பாவின் டிரக்கில் ஏறினான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்த வருடம் கோச் என் பேச்சைக் கேட்டார். 2023 செப்டம்பர் கடைசி. நாங்கள் 3 பாயின்ட் முன்னிலை, 2 நிமிடம் 20 விநாடி மிச்சம், எங்களுடைய சொந்த 42 யார்டு, நாலாவது டவுன், வேண்டியது ஒரே ஒரு யார்டு. "பேப்பர்?" "கோ." போனார்கள். நடுவே ஓடிய பையன் சுவரில் மோதியதுபோல் நின்றான். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவர்கள் ஆறு முயற்சியில் டச் டவுன் போட்டார்கள். தோற்றோம்.

இந்த முறை கார்னர்பேக்கை யாரும் திட்டவில்லை. கேலரியில் உட்கார்ந்திருந்த மனைவியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "என்னங்க, இங்க எல்லாரும் கோச்சத் திட்றாங்க. ஒருத்தர் யாரோ பேப்பர் வச்சிருக்கற ஆளயும் திட்டினார். நான் உங்கள எனக்குத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கேன். கார் கிட்ட வந்துடுங்க." திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கு மின்னஞ்சல்கள் குவிந்துவிட்டன என்று கோச் சொன்னார்.

இரண்டு தோல்வி. ஒன்றில் தவறான முடிவு எடுத்த கோச்சுக்கு ஒரு கீறல் இல்லை. இன்னொன்றில் சரியான முடிவு எடுத்தவருக்கு வேலைக்கே ஆபத்து. கோச்சுகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் வேறொரு கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் 2009 நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிசிக், 34-28 முன்னிலையில், 2 நிமிடம் 8 விநாடி இருக்கும்போது, சொந்த 28 யார்டில் நாலாவது டவுன் 2 யார்டுக்கு முயன்றார். டாம் பிரேடி வீசிய பந்தை கெவின் ஃபால்க் பிடித்தார், ஆனால் கோட்டுக்கு முன்னாலேயே சாய்க்கப்பட்டார். எதிரணியான கோல்ட்ஸ் வந்து டச் டவுன் போட்டு 35-34 என்று ஜெயித்தது. மறுநாள் பெலிசிக்கைப் பைத்தியக்காரன் என்று எழுதாதவர்கள் குறைவு.

நிதானமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு யார்டு கிடைக்க வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கிடைக்காவிட்டால், எதிரே நிற்பவர் கோல்ட்ஸின் பேட்டன் மேனிங், அவருக்கு 29 யார்டு தேவை. அப்போதுகூடப் பாதிக்குப் பாதி என்போம். ஆக 60, கூட அந்த 40இல் பாதி 20, மொத்தம் 80. பன்ட் உதைத்தால் மேனிங்குக்கு ஏறத்தாழ 70 யார்டு, இரண்டு நிமிடம். அந்த வருடத்து மேனிங்குக்கு அது பத்துக்கு மூன்று தடவையாவது நடக்கக்கூடியதுதான். அதாவது 70. பெலிசிக்கின் முடிவு 80 பக்கம், ஊரார் கேட்டது 70 பக்கம். எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லும் அளவுக்கு வராது. என்னைக் கேட்டால் அன்று அவர் செய்த தப்பு வேறு. டைம் அவுட்டுகளை முன்னாலேயே தீர்த்துவிட்டார். ஃபால்க் விழுந்த இடத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்க ஒன்றுகூடக் கையில் இல்லை. அதைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்தான்.

எங்கள் 2023 தோல்விக்கும் இப்படி ஒரு பிரேதப் பரிசோதனை செய்தேன். வீடியோவை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தபோது நெஞ்சு சுருக்கென்றது. எங்கள் சென்டர், அதாவது நடுவில் நின்று வழி திறக்கும் பெரிய பையன், மூன்றாவது குவார்ட்டரில் கணுக்கால் பிசகி வெளியே உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் நின்றது பத்தாம் வகுப்புப் பையன். ஒரு யார்டுக்குப் பத்தில் ஏழு தடவை வரும் என்று என் காகிதம் சொன்னது அந்தப் பெரிய பையனை வைத்து. காகிதத்துக்குக் கணுக்கால் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோ என்று சொன்னது சரி, நடுவே ஓடச் சொன்னது கோச்சின் தப்பு என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் ஒரு தப்பித்தல்தான்.

அதன்பின் இடைவேளையில் காகிதத்தைத் திருத்தும் பழக்கம் வந்தது. யார் வெளியே போயிருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம், எதிரணி நடுவில் தள்ளுகிறதா தள்ளப்படுகிறதா. பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் மேலும் கூட்டல் கழித்தல் குறி போடுவேன். அழகான கணினி அச்சு அசிங்கமாகிவிடும். அசிங்கமான காகிதம்தான் உபயோகமானது.

இன்னொரு விஷயமும் அந்த வருடம் பிடிபட்டது. நாலாவது டவுன் முடிவை நாலாவது டவுனில் எடுத்தால் ஏற்கெனவே தாமதம். இரண்டாவது டவுன் முடிந்ததுமே "நாலுக்கும் போவோமா, மூன்றோடு நிறுத்துவோமா" என்று கோச்சிடம் கேட்க ஆரம்பித்தேன். நாலும் உண்டு என்று தெரிந்தால் மூன்றாவதில் ஆறு யார்டு மிச்சமிருக்கும்போது வீச வேண்டியதில்லை, ஓடி நாலு எடுத்தால் போதும். 2021 ஜனவரி 24 அன்று கிரீன் பேவில் பேக்கர்ஸ் பட்ட பாட்டை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். பேக்கர்ஸ் 8 பாயின்ட் பின்னால், எதிரணியின் 8 யார்டில் பந்து. ஆரன் ராஜர்ஸ் மூன்று தடவையும் வீசினார், மூன்றும் தரையில். நாலாவதில், 2 நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது, கோச் மேட் லஃப்ளூர் ஃபீல்டு கோல் உதைக்கச் சொன்னார். 31-26 ஆனது. எதிரணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், அப்போது டாம்பா பே அணிக்கு மாறியிருந்த டாம் பிரேடி. பேக்கர்ஸ் கைக்குப் பந்து திரும்பி வரவேயில்லை.

லஃப்ளூர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூன்று டைம் அவுட்டும், கடைசி இரண்டு நிமிட எச்சரிக்கை நிறுத்தமும் கையில் இருந்தன. பந்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அந்த 3 பாயின்ட் எதை வாங்கியது என்று பாருங்கள். உதைப்பதற்கு முன்னும் அவர்களுக்கு ஒரு டச் டவுன் தேவை, உதைத்த பின்னும் அதே டச் டவுன் தேவை. 8 யார்டில் நின்றுகொண்டு அதைக் கேட்காமல், மைதானத்தின் மறு கோடியிலிருந்து கேட்கப் போகிறார்கள். அதுவும் பிரேடியிடமிருந்து பந்தைப் பிடுங்கிய பிறகு. இறங்கிய சுமை ஒன்றுதான்: டச் டவுனுக்குப் பின் சமன் செய்யக் கூடுதலாக முயல வேண்டிய இரண்டு பாயின்ட் கன்வெர்ஷன். இப்போது ஆட்டம் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: உதைத்த பிறகு இன்னும் எத்தனை தடவை ஸ்கோர் செய்ய வேண்டும்? எண்ணிக்கை குறையவில்லை என்றால் அந்த உதை வெறும் ஆறுதல்.

கடிகாரத்தைத் தவறவிட்டவருக்கு உதாரணம் தேடினால் 2022 செப்டம்பர் 12, சியாட்டில். டென்வர் கோச்சாக நதானியல் ஹேக்கெட்டுக்கு அது முதல் ஆட்டம். 17-16 என்று பின்னால். எதிரணியின் 46 யார்டு, நாலாவது டவுன், 5 யார்டு. மூன்று டைம் அவுட் சட்டைப்பையில். கையில் ரஸ்ஸல் வில்சன் என்ற பெயர்பெற்ற குவார்ட்டர்பேக். கடிகாரத்தைச் சும்மா ஓடவிட்டு, 20 விநாடியில் நிறுத்தி, 64 யார்டு உதைக்கச் சொன்னார். இடப்பக்கம் வெளியே போனது. ஃபோர்டு ஃபீல்டில் நாங்கள் பார்த்த உலக அதிசயத்தைவிட இரண்டே யார்டு குறைவான ஒன்றை, வழக்கமான வழிபோல நம்பினார். மறுநாள் முயன்றிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த வருடம் முடிவதற்குள் வேலை போய்விட்டது. என் மகன் அன்று டிவி முன்னால் எழுந்து நின்று கத்தினான்: "அவங்க கிக்கர் மேல பாரத்தப் போட்டுட்டுத் தப்பிச்சுக்கறாங்கப்பா!" கிக்கர் அல்லவா, வலி தெரியும்.

பன்ட் என்றால் பத்திரம் என்று நினைப்பவர்களை நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் ஆன் ஆர்பருக்குத்தான் அனுப்ப வேண்டும். 2015 அக்டோபர் 17. மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட் மேல் 23-21 முன்னிலை. 10 விநாடி. நாலாவது டவுன். பன்ட் உதைத்தால் முடிந்தது. தாழ்வாக வந்த பந்தைப் பன்டர் நழுவவிட்டார். எடுத்து உதைக்கத் தடுமாறியபோது பந்து காற்றில் போய் எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் விழுந்தது. 38 யார்டு ஓடி, நேரம் முடியும் நொடியில் டச் டவுன். 27-23. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பல்கலைக்கழகத்து ஆட்களும் உண்டு. அந்தத் திங்கட்கிழமை பாதிப்பேர் வேலைக்கே வரவில்லை.

இதே முடிவு, இதே மனிதர், இரண்டு விளைவு என்று பார்க்க வேண்டுமானால் அப்போது ரேவன்ஸ் கோச்சாக இருந்த ஜான் ஹார்பா. 2021 செப்டம்பர் 19, சீஃப்ஸ் மேல் 36-35 முன்னிலை, ஒரு நிமிடம்தான் மிச்சம், சொந்த 43 யார்டு, ஒரு யார்டு தேவை. லமார் ஜாக்சனைப் பார்த்து, போகலாமா என்று கேட்டார். போனார்கள், கிடைத்தது, ஜெயித்தார்கள். மேதை. ஒரு வருடம் கழித்து 2022 அக்டோபர் 2, பஃபலோ பில்ஸுக்கு எதிராக 20-20. எதிரணியின் 2 யார்டில் நாலாவது டவுன். மறுபடி போனார். ஜாக்சன் வீசியதை எண்ட் சோனில் ஜோர்டன் பாயர் பிடித்துவிட்டார். பில்ஸ் கடைசி நொடியில் ஃபீல்டு கோல் போட்டு 23-20 என்று ஜெயித்தது. முட்டாள். இரண்டாவதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமுண்டு என்பேன். சமநிலையில், நான்கு நிமிடத்துக்கு மேல் இருக்கும்போது, கையெட்டும் 3 பாயின்டுக்கு மதிப்பு உண்டு. எதிரணிக்கு அப்புறம் டச் டவுனோ ஃபீல்டு கோலோ எப்படியும் தேவைப்படும். ஆனால் அந்தச் சந்தேகம் பந்து வீசப்படும் முன்பே வந்திருக்க வேண்டும். பாயர் பிடித்த பிறகு வருவதற்கு என் கணக்கில் மதிப்பில்லை.

இதை வாய் கிழியப் பேசிய நான், 2024 ஜனவரி 28 அன்று நண்பர் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? லயன்ஸ் அதுவரை வரலாற்றில் சூப்பர் பவுல் ஆடியதே இல்லை. அன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 24-7. ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. மூன்றாவது குவார்ட்டரில் 24-10. எதிரணியின் 28 யார்டில், இரண்டு யார்டுக்கு கோச் டான் கேம்ப்பல் 'கோ' என்றார். ஜாஷ் ரெய்னால்ட்ஸ் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். கடைசிக் குவார்ட்டரில் 27-24 என்று பின்னால் இருக்கும்போது, 30 யார்டில், மூன்று யார்டுக்கு மறுபடி 'கோ'. மறுபடி இல்லை. 34-31 என்று தோற்றார்கள். இரண்டாவது தவறியதும் நான் தட்டிலிருந்த பஜ்ஜியைச் சோபாவில் வீசி எறிந்தேன். "உதைச்சிருந்தா சமமாயிருக்குமே, மடையா!" என்று தமிழில் கத்தினேன்.

மகன் அமைதியாகச் சொன்னான்: "அப்பா, நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு யார்டு. உங்க பேப்பர் என்ன சொல்லும்?"

கார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது யோசித்தேன். அந்த வருடம் முழுக்க இப்படி ஆடித்தான் லயன்ஸ் அந்த ஆட்டத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. கேம்ப்பல் மாறவில்லை. பந்து கையில் நின்றிருந்தால் டெட்ராய்டில் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். முதல் முடிவு எனக்கு இன்றும் சரி. இரண்டாவது மயிரிழை.

மகனுக்கும் எனக்கும் இடையில் இந்தக் காகிதம் ஒரு முள்ளாகவும் இருந்தது. அவன் கிக்கர். என் காகிதம் பெரும்பாலும் 'கோ' என்றே சொல்லும். "நீங்க என்னை பெஞ்சிலயே உட்கார வைக்கறீங்க" என்று ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் சொன்னான். பாதி விளையாட்டு, பாதி வருத்தம். சரி, உன் வரியை நீயே எழுது என்றேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சி மைதானத்துக்குப் போய் உதைத்துவிட்டு வந்து, தூரவாரியாக எத்தனைக்கு எத்தனை, காற்று எப்படி என்று அவனே காகிதத்தில் நிரப்புவான். கூட்டிச் சொல்லமாட்டான். போகாததைப் போனதாக ஒருநாளும் எழுதியதில்லை.

2024 நவம்பர் தொடக்கம். பிளேஆஃப். தோற்றால் சீசன் முடிந்தது. அவனுக்குப் பள்ளிக் காலமே முடிந்தது. 2 பாயின்ட் பின்னால். 48 விநாடி. டைம் அவுட் இல்லை. எதிரணியின் 19 யார்டு, நாலாவது டவுன், வேண்டியது 4 யார்டு. கம்பம் வரை பத்து யார்டு எண்ட் சோன், பந்தை வைக்கப் பின்னால் ஏழு யார்டு. 19உடன் 17 சேர்த்தால் 36 யார்டு உதை.

பென்சில் குறிகளுடன் காகிதம் மடியில் இருந்தது. காற்று கிட்டத்தட்ட இல்லை. அவன் கையெழுத்தில் அந்த வரி: 35 முதல் 39 வரை, பத்துக்கு ஏழு. நாலு யார்டுக்கு எங்கள் அணி பத்துக்கு நாலு அல்லது ஐந்து, அது கிடைத்தாலும் அதற்கப்புறம் ஸ்கோர் செய்ய வேண்டும். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே பதில்தான்.

கீழே அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வலைக்குள் இரண்டு உதை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். 2022இல் தலையைக் குனிந்து டிரக்கில் ஏறிய அந்தக் கார்னர்பேக் ஞாபகத்துக்கு வந்தான்.

"பேப்பர்?" என்றார் கோச்.

"கோ" என்றேன்.

குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் ஓடி, குறுக்கே வந்த பையனுக்கு வீசினான். அவன் ஒருவனை உதறிவிட்டு மூலைக்கொடியை நோக்கி ஓடினான். டச் டவுன். கேலரி இடிந்து விழுவதுபோல் சத்தம். கோச் ஹெட்செட்டில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். கீழே இறங்கியதும் போன வருடம் திட்டியவர்கள் முதுகில் தட்டினார்கள். ஒருவர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். மனைவி இந்தமுறை என்னைத் தெரிந்தவள்போல் பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகன் முன்சீட்டில் இருந்தான். ஹீட்டர் சூடாக நேரம் பிடித்தது. ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லேஸிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். முதல் சிக்னல் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அப்பா, பேப்பர்ல என்ன இருந்துச்சு?"

அந்த வரியை எழுதியவன் அவன். ஏமாற்ற வழியில்லை.

"கிக்."

தலையாட்டினான். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றோம். "முப்பத்தாறுதானே" என்றான், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.